தொப்பியும் தோலும்: வேலூர் 1806ஐ எழுதியவர்கள்

1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்ததற்கு நம்மிடையே இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. கும்பினியார் வைத்த பெயர் சிப்பாய்க் கலகம். நாம் வைத்த பெயர் புரட்சி. ந. சஞ்சீவி தம் நூலுக்கு ‘வேலூர்ப் புரட்சி’ என்று பெயரிட்டபோது, ஒரு சொல்லை மாற்றியே தீர்ந்துபோன ஒரு வழக்கை மறுவிசாரணைக்குக் கொணர்ந்தார் எனலாம். அந்த மாற்றம் வேண்டியதே. ஆயினும் பெயரை மாற்றியதோடு நம் வேலை முடிந்தது என்று அமைந்துவிட்டோமோ என்னும் ஐயம், அந்நாளைப் பற்றிய நூல்களை அடுத்தடுத்து வாசிக்கும் எவருக்கும் எழும். கிறித்தவ வாசகருக்கோ அந்த ஐயத்தோடு ஓர் உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது. தம்மைக் கிறித்தவராக்கப் பார்க்கிறார்கள் என்னும் அச்சமே அச்சிப்பாய்களை எழச் செய்த காரணங்களுள் ஒன்று என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. நாமோ அந்த வரியை வாசித்துவிட்டு விரைந்து அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டனர். 1806இல் அக்கோட்டையில் ஆங்கிலேயரின் 69ஆம் காலாட்படையிலிருந்து நான்கு பிரிவுகளும், அவர்களைப்போல் பல மடங்கு எண்ணிக்கையில் மூன்று இந்தியப் பட்டாளங்களும் இருந்தன. சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் அவ்வாண்டு கொணர்ந்த ஒழுங்கு விதிகள், சீருடை அணிந்த சிப்பாய் நெற்றியில் குலக்குறி இடலாகாது, காதில் கடுக்கன் அணியலாகாது, தாடியை மழித்துவிட வேண்டும், மீசைகூட இயன்றவரை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டன. இவற்றுக்குச் சற்று முன்னரே புதிய தலைப்பாகை ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு அது ஐரோப்பியர் தொப்பியைப் போன்றது. அதில் தோலாலான ஓர் அணிப்பூ பொருத்தப்பட்டிருந்தது. மே மாதத்தில் அதை அணிய மறுத்த சிப்பாய்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டனர். ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, பின்னிரவில், கோட்டை எழுந்தது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் மாண்டார். திப்புவின் கொடி ஏற்றப்பட்டது. அவர் மகன் ஃபதே ஐதர் அரசராக அறிவிக்கப்பட்டார். காலையில் ஆற்காட்டுக் குதிரைப்படையோடு விரைந்து வந்த கர்னல் கில்லஸ்பி, நண்பகலுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்.

இதை முதலில் இலக்கியமாக்கியவர்கள் ஆங்கிலேயரே. ஹென்றி நியூபோல்ட் கில்லஸ்பியின் பெயரையே தலைப்பாக்கி ஒரு கதைப்பாடல் எழுதினார். ஆற்காட்டுச் சாலையில் ஓடும் குதிரையின் குளம்படி அதன் சந்தத்தில் கேட்கிறது. ஓசையைக் கையாள்வதில் அவர் வல்லவர், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பாடலின் கண் குதிரைமேல் இருப்பவனைவிட்டு நகர்வதில்லை. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் குதிரைவீரன் வென்று முடிக்க வேண்டிய இடையூறு, அவ்வளவே. இவர்கள் ஏன் எழுந்தார்கள் என்று கேட்கக் குதிரையின் வேகம் இடந்தராது. அவ்வகைப் பாடல்களின் இலக்கணமே அது.

அதைவிட நேர்மையான எழுத்துகள் இரண்டு. ஒன்று, ஃபேன்கோர்ட்டின் மனைவி எழுதி வைத்த குறிப்பு. இருட்டில் கேட்ட துப்பாக்கியொலி, கணவர் வெளியே சென்று திரும்பாமை, பிள்ளைகளோடு ஒளிந்திருந்த மணிநேரங்கள் என்று, தாம் கண்டதற்கு மேல் ஒன்றையும் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். மற்றொன்று, கோட்டைக் கதவைப் பீரங்கியால் தகர்க்க உதவிய ஜான் பிளாக்கிஸ்டனின் படைவாழ்க்கை நினைவுகள், 1829இல் வெளிவந்தவை. அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்திருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரை வெளியே கொணர்ந்து, சுவரோரம் நிறுத்தி, விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றதை அவர் நேரில் கண்டவர். அதைத் தாம் கலங்காமல் பார்த்ததாகவும், அது தகுந்த நீதியே என்றும் முதலில் எழுதுகிறார். உடனே, இத்தனை ஆண்டுகள் கடந்தபின் அச்செயலை ஏற்றுக்கொள்வதும், அன்று தாம் கொண்ட மனநிலைக்குக் காரணம் காண்பதும் தமக்குக் கடினமாயிருக்கின்றன என்று சேர்க்கிறார். வேலூரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றுள் மனச்சான்று தலைநீட்டும் இடம் என்று நான் குறித்து வைத்திருப்பது இதைத்தான். நியூபோல்டின் முழுப்பாடலையும் இந்த ஓர் இடத்துக்கு ஈடாகத் தந்துவிடலாம்.

இந்நூல்கள் எல்லாவற்றிலும் ஓர் எண்ணிக்கைப் பழக்கம் உண்டு. மாண்ட வெள்ளையர் கணக்கு துல்லியமாக இருக்கிறது: அதிகாரிகள் 14 பேர், 69ஆம் படையின் வீரர் நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுள் மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் அடங்குவர். மாண்ட சிப்பாய்களின் கணக்கோ 350 என்பதிலிருந்து 800 என்பது வரை நூலுக்கு நூல் நீள்கிறது. பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டோர் ஆறு பேர், சுடப்பட்டோர் ஐந்து பேர், தூக்கிலிடப்பட்டோர் எட்டு பேர் என்று தீர்ப்புக்குப் பிந்திய சாவுகள் மட்டும் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. தண்டனையாக நேர்ந்த சாவுதான் எண்ணப்பட்டது, மற்றவை உத்தேசம்.

இனி நம்மவர் எழுத்துகளுக்கு வருவோம். இவற்றைப் பிடித்தாட்டும் நோய் ‘முதல்’ என்னும் சொல். 1857ஐ முதல் விடுதலைப் போர் என்று வடநாட்டார் கொண்டாடும்போது, ஐம்பது ஆண்டுகள் முந்திய வேலூரை நாம் நினைவூட்டுவது நியாயமே. பெ. சின்னையன் 1982இல் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுநூல், வேலூரே ஆங்கிலேயருக்கு எதிரான முதல் எழுச்சி என்று தன் துணைத்தலைப்பிலேயே அறிவிக்கிறது. ஆனால் அதற்குப் பதினோராண்டு முன்னர், 1971இல், கே. ராஜய்யன் தம் நூலில் மருதிருவரும் மற்றையோரும் நடத்திய 1800–1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையே முதல் விடுதலைப் போர் என்று குறித்திருந்தார். பூலித்தேவனை முன்னிறுத்துவோர் இன்னும் அரை நூற்றாண்டு பின்னே செல்வர். ஆக, தில்லியோடு தொடங்கிய போட்டி தமிழ்நாட்டுக்குள்ளேயே திரும்பிவிட்டது. 2006இல் இரு நூற்றாண்டு நினைவாக அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு கா. அ. மணிக்குமாரின் ஆய்வுநூல் வெளிவந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மேடைகளில் வேலூர் என்றவுடன் முதலில் எழுவது ‘முந்தியது எது’ என்னும் கேள்விதான். பந்தயத்தில் ஓடியவர்களுக்கு முகம் இருக்க வேண்டிய தேவையில்லை. எண் இருந்தால் போதும். முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் ஜூன் மாதத்திலேயே கர்னல் ஃபோர்ப்ஸிடம் சதியை அறிவித்தான். இந்திய அதிகாரிகள் அவனைப் பித்தன் என்று சொல்ல, அவன் சிறையிலடைக்கப்பட்டான். பின்னர் அவன் சொன்னது மெய்யானபோது பரிசு பெற்றான். நாவலாசிரியர் ஒருவருக்கு வாய்க்கக்கூடிய எத்தகைய பாத்திரம்! நம் நூல்களில் அவன் ‘துரோகி’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடைபட்டு, இரண்டாம் முறையாகச் சிறையிருக்கிறான்.

வேலூர் பரவியதா என்பது அடுத்த கேள்வி. ஓரளவு பரவியது. ஐதராபாத்தில் சிப்பாய்கள் கொந்தளித்தபோது அங்கிருந்த தளபதி புதிய ஆடை விதிகளைத் தாமே நிறுத்திவைத்தார். பெல்லாரி, நந்திதுர்க்கம், சங்ககிரி, வாலாஜாபாத் ஆகிய இடங்களிலும் அதிர்வு இருந்தது. (இங்கே குறித்த வாலாஜாபாத் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ளது, நம் வாலாஜாபேட்டை அன்று. இரண்டும் ஒரே நவாபின் பட்டப்பெயரைச் சுமப்பதால் வரும் மயக்கம் இது. நம் ஊருக்கு அந்நாளோடு உள்ள உறவு பெருமைப்படத்தக்கதன்று. கில்லஸ்பி புறப்பட்ட ஆற்காட்டுப் பாசறை நமக்குப் பக்கத்து வீடு.) பாளையங்கோட்டையில் நவம்பர் மாதம் மேஜர் வெல்ஷ் ஒரு வதந்தியை நம்பி முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்தார். ஆயினும் ஊர்கள் எழவில்லை. வேலூரிலிருந்தோர் ஒரு வாரம் கோட்டையைத் தாங்கிப் பிடித்தால் திப்புவின் பழைய வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்வர் என்று நம்பியிருந்தனர். ஒரு முற்பகல்கூட அவர்களால் தாங்க முடியவில்லை. பலர் கொள்ளையில் கலைந்தனர். 1857 மே மாதம் மீரட்டில் எழுந்தவர்கள் மறுநாளே தில்லியில் ஒரு பேரரசரின் பெயரைப் பற்றிக்கொண்டார்கள்; படையின் கோபத்தோடு நிலமிழந்தோரின் கோபமும் கலந்தது. வேலூருக்கு அது வாய்க்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் வேலூர் சிறுத்துவிடாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டு ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் பதவியிலிருந்து திருப்பியழைக்கப்பட்டனர். ஒரு தொப்பிக்காக இத்தனை விலை கொடுக்க நேரும் என்று கும்பினி கனவிலும் கருதியதில்லை.

‘ஒரு தொப்பிக்காக’ என்பதுதான் ஆங்கில நூல்களின் ஏளனம். நம் நூல்கள் அதற்கு மறுமொழியாக, தொப்பி வெறும் சாக்கு, உள்ளே இருந்தது நாட்டுப்பற்று என்கின்றன. இரண்டு தரப்பும் தொப்பியைப் பொருட்படுத்தவில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன. இங்கேதான் கத்தோலிக்க வாசகர் குறுக்கிட வேண்டும். ஏனெனில் தொப்பியைப் பற்றிப் பேசும் ஒரு நூல் நம் திருவிவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரிந்துசென்ற சபையாரின் விவிலியத்தில் அது இடம்பெறுவதில்லை. மக்கபேயர் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில், தலைமைக்குரு பதவியை விலைக்கு வாங்கிய யாசோன், எருசலேமில் உடற்பயிற்சிக்கூடம் அமைத்து, உயர்குடி இளைஞரைக் கிரேக்கத் தொப்பி அணியச் செய்தான் என்று கிரேக்க மூலம் குறிப்பிடுகிறது. ஒரு பேரழிவின் தொடக்கத்தை ஆசிரியர் அந்தத் தொப்பியில் காண்கிறார். ஆறாம் அதிகாரத்தில் தொண்ணூறு வயது எலயாசர் வருகிறார். பன்றி இறைச்சியை உண்ண வேண்டியதில்லை, உண்பதுபோல் காட்டினால் போதும் என்று நண்பர்கள் அவரைக் கெஞ்சுகிறார்கள். தொண்ணூறு வயதில் இவர் அந்நியர் நெறிக்கு மாறிவிட்டார் என்று இளைஞர் எண்ணிவிடுவார்களே என்று சொல்லி அவர் சாவைத் தேர்கிறார்.

கும்பினியின் அதிகாரிகள் சிப்பாய்களிடம் சொன்னது, அந்த நண்பர்கள் சொன்னதே. இது வெறும் துணி, உள்ளத்தின் நம்பிக்கையை இது தொடாது என்றார்கள். சிப்பாய்கள் அஞ்சியதும் எலயாசர் அஞ்சியதே: காண்போர் என்ன எண்ணுவர்? அன்றைய வழக்கில் ‘தொப்பிக்காரர்’ என்றால் பரங்கியர். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புபவனோடு உறவினர் உண்ண மாட்டார். பெண் கொடுக்க மாட்டார். எலயாசரைப் புனிதராகப் போற்றும் நாம் இச்சிப்பாய்களை மூடநம்பிக்கையினர் என்று ஒதுக்குவது எவ்வாறு பொருந்தும்? மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளைக் கொன்றதை இந்த ஒப்புமை கழுவிவிடாது. மக்கபேயர் நூல்களும் இரத்தம் படிந்தவையே; திருச்சபை அவற்றை வாசிக்கிறது, அவற்றிலுள்ள ஒவ்வொரு கொலையையும் வழிபடுவதில்லை.

பரங்கித்தனத்தையும் கிறித்தவத்தையும் மக்கள் ஒன்றெனக் கொண்டதை முதன்முதலில் உணர்ந்து கலங்கியவர் நம்மவருள் ஒருவர். இராபர்ட் தே நொபிலி மதுரையை அடைந்தது 1606 நவம்பரில். வேலூருக்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் முன்னர். திருமுழுக்குப் பெறுவது பரங்கிக் குலத்தில் சேர்வதாகப் பொருள்படுவதைக் கண்டு அவர் காவியுடுத்தார். மாணவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், மூடப்பழக்கம் நீக்கி அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். நெற்றிக்குறியைப் பற்றி உரோமை எண்ணிப் பார்த்துச் சொன்ன விடையை, 183 ஆண்டுகள் கழித்துச் சென்னைத் தலைமையகம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டே, 1807இல், அதே சென்னை அரசு மைசூர்ப் பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு அபே துபுவாவிடமிருந்து இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய கையெழுத்துப் படியை 2000 வராகன் கொடுத்து வாங்கியது. துபுவா அதில் பெரும்பகுதியை இயேசு சபையார் கேர்தூவின் பழைய படியிலிருந்து எடுத்திருந்தார் என்பது 1987இல் சில்வியா மூரின் ஆய்வால் தெளிவான செய்தி. அது வேறு கதை. கோட்டையில் பிணங்களை அகற்றியபின் பாடநூல் வாங்கிய அரசு அது.

ஆனால் நொபிலியை இங்கே வெற்றிக்கொடியாக ஏற்றிவிட முடியாது. அவர் காத்தவை வெறும் பண்பாட்டுக் குறிகள் அல்ல; குலக்குறிகள். கிரடாக்கின் விதியிலும் ‘குலத்தைக் காட்டும் குறி’ என்றே சொல்லப்பட்டிருந்தது. நொபிலியின் வழிமுறை வளர்ந்து, உயர்குலத்தாருக்கு ஒரு குரு, ஒடுக்கப்பட்டோருக்கு வேறொரு குரு என்றாயிற்று. 1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை கண்டித்தவற்றுள், பறையர் வீடுகளில் நோயுற்றுக் கிடந்தோருக்கு அருளடையாளம் வழங்க உள்ளே செல்ல மறுத்த வழக்கமும் ஒன்று. மலபார்ச் சடங்கு வழக்கு என்று நாம் படிப்பது இதையும் உள்ளடக்கியதே.

ஆகவே தோலுக்கு வருகிறேன். ‘தலைப்பாகையில் தோல் இருந்ததால் சிப்பாய்களின் சமய உணர்வு புண்பட்டது.’ இவ்வாறு எழுதாத வேலூர் நூலை நான் கண்டதில்லை. பன்றித்தோல் என்ற ஐயம் முஸ்லிம்களுக்கும், மாட்டுத்தோல் என்ற ஐயம் இந்துக்களுக்கும் எழுந்தது என்பது அதன் விளக்கம். இதை எழுதுவோர் யாரும் வேலூர் எந்த நிலத்தில் இருக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை. இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகிலும் தோலே சோறு. தோல் மண்டி நடத்துவோர் பலர் இசுலாமியர். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை உரித்தெடுப்போர் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களுள் நம் பங்கு மக்களும் உண்டு. அந்தக் குழியிலிருந்து ஏறிவந்த ஒருவரின் மகள் வரலாற்றுப் பாடத்தில் இந்த வரியை வாசிக்கும்போது, அவள் தந்தை தொட்டது தீட்டு என்பது ஒரு வரலாற்றுக் காரணமாக, கேள்வியே இன்றி, அவள் முன் வைக்கப்படுகிறது.

சென்னைப் படையில் பறையர் குலத்தாரும் கிறித்தவரும் சிப்பாய்களாக இருந்தனர். தோல் பட்டை, தோல் பூ இவை அவர்களுக்கு என்னவாகத் தெரிந்தன? குறியற்ற நெற்றியும் ஒரே அளவு மீசையும், குறி காட்டி விலக்கப்பட்ட ஒருவனுக்கு அவமானமா, ஆறுதலா? நான் படித்த நூல்களுள், புரட்சியைப் போற்றுபவையும் கலகம் எனப் பழிப்பவையும், இக்கேள்வியைக் கேட்டவை அல்ல. ‘சிப்பாய்’ என்ற பன்மைக்குள் எல்லாரையும் ஒரே நெற்றியாக்கிவிடுகின்றன. அந்த வகையில் கிரடாக் செய்ய விரும்பியதை நம் வரலாற்றாசிரியர்கள் செய்து முடித்திருக்கிறார்கள் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

தோலின்மீதான இகழ்ச்சி நம் நாட்டுக்கே உரியது என்றும் எண்ணிவிட வேண்டாம். வேலூர்ச் செய்தி இலண்டனை எட்டியதும், இந்தியாவில் மறைபரப்புவதே இக்கேட்டுக்குக் காரணம் என்றொரு வாதம் கிளம்பியது. 1808இல் எடின்பரோ ரிவ்யூ இதழில் அதைக் கூர்மையாக எழுதியவர் சிட்னி ஸ்மித். அவரே ஓர் ஆங்கிலிக்கன் குரு. சீராம்பூரில் பணியாற்றிய வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் எளிய கைத்தொழிலாளர் குடியில் பிறந்தவர்கள். கேரி செருப்புத் தைத்தவர். ஸ்மித் அத்தொழிலைச் சொல்லியே மறைப்பணியாளரை எள்ளி நகையாடினார். வேலூருக்கு மறைபரப்புக் காரணமில்லை என்பது வேறு வகையில் நிறுவக்கூடியது. கும்பினி 1813 வரை மறைபோதகரைத் தன் எல்லைக்குள் விரும்பவேயில்லை. ஆனால் அந்த வாதத்தின் நடை என்ன சொல்கிறது? தோல் தைத்த கை நற்செய்தியைத் தொடலாகாது என்பதை இலண்டன் அறிஞர் நகைச்சுவையாகச் சொன்னார். இங்கே அதுவே ஆசாரமாக இருந்தது. ஐதராபாத்தில் அக்காலத்தில் கிறித்தவக் கோயில் ஒன்று கட்ட மனிதத் தலைகள் பலியிடப்படும் என்று ஒரு வதந்தி உலவியதை வரலாற்றாசிரியர் கேய் குறிக்கிறார். அந்த வதந்தியைப் படித்துச் சிரிக்கும் நாம், ஸ்மித்தின் நையாண்டியைப் படித்தும் சிரித்துவிடுகிறோம். அதுவும் ஒரு வதந்திதான் என்று உணர்வதில்லை.

சிப்பாய்கள் தம் கைப்பட எழுதி வைத்தது ஒன்றுமில்லை. 1806இல் அமைந்த விசாரணைக் குழுவின் முன்னும் படை நீதிமன்றங்களின் முன்னும் அவர்களும் மற்றையோரும் பேசியவை மட்டும் இருக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் சொல்லப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் வாயால் ஆங்கிலமாகி ஏட்டிலேறியவை அவை. புனைவெழுத்தாளரோ ஆய்வாளரோ இனி வேலூரைத் தொடுவாராயின், ஆங்கிலத்தில் உறைந்துகிடக்கும் அப்பேச்சைத் தமிழுக்கு மீட்டெடுப்பதில் தொடங்கலாம். ‘தொப்பி’ என்று அவர்கள் சொன்ன இடங்களிலெல்லாம் சொன்னவன் யார், எந்த ஊரான், எந்தக் குலத்தான் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போகட்டும். தோலைப் பற்றி யார் பேசினார்கள், யார் பேசாமல் நின்றார்கள் என்பதையும் அதே ஓரத்தில் எழுதட்டும்.